நம் தெரு நலச்சங்கம், பாம்பன்: ஞாயிறு கூட்டம்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

ஞாயிறு காலை 7 மணிக்கு வலை பின்னும் கொட்டகையில் கூடுவோம். போன தடவை வந்தது ஒன்பது பேர். இந்தக் குழுவில் கட்டைவிரல் காட்டியவர்கள் மட்டும் நாற்பதுக்கு மேல்!

முக்கியமான வேலை, அக்டோபர் 2 கிராமசபை. வாய்க்கால் அடைப்பை அங்கே வாயால் சொல்லிவிட்டு வந்தால் காற்றோடு போய்விடும். மனுவாகக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி, ஏறியதைப் படித்துப் பார்த்தபிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். நேற்று நானும் இரண்டு தம்பிகளும் மூலை வீட்டுப் பக்கம் மூடியைத் தூக்கிப் பார்த்தோம். அறுந்த நைலான் வலை, தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு. பஞ்சாயத்தை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? வடகிழக்குப் பருவமழைக்கு முன் அள்ளியாக வேண்டும். பேசி முடித்ததும் இறங்குவோம், மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.

சங்கப் பதிவு: 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். ஆனால் வருடாவருடம் வரவு செலவுக் கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். நம் கணக்கு நோட்டு மீன் கூடைக்கடியில் நனைந்து கிடந்த கதைதான் தெரியுமே. முதலில் புது நோட்டு, அப்புறம் பதிவு.

சந்தா மாதம் 30 ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்துக்கு யாரிடமும் கேட்பதில்லை. பாக்கி என்றும் எழுதுவதில்லை.

காலை வணக்கப் படங்களைக் கூட்டம் முடியும்வரை நிறுத்தி வையுங்கள். அறிவிப்பு மேலே போய்விடுகிறது.

செயலாளர்