அத்தைக்கு, மகாளய அமாவாசைக்கு முன்

அன்புள்ள அத்தை,

முடிவு செய்துவிட்டேன். வருகிற மகாளய அமாவாசையன்று தாத்தாவுக்குத் திதி கொடுக்கப் போகிறேன்.

போனில் சொன்னால் "சரி தம்பி, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்கு இப்போது எழுத்து தெரிவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் வாசித்துக் காட்டுவாள். நம் சொந்தக்காரர்களும் படிப்பார்கள். ஆகவே சில இடங்களில் வாயை மூடிக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது. எந்த இடம் என்று உங்களுக்குப் புரியும்.

எந்தத் தோட்டம், யார் பெயர் கொடுத்தது, தாத்தாவை ஏற்றிய லாரி எந்தப் பக்கம் போனது என்பதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நின்று பார்த்தவர் நீங்கள்தான். உங்களுக்கு அப்போது எட்டு வயது. அப்பா அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தார்.

1987 தீபாவளிக் காலையைப் பற்றித்தான் எழுத வேண்டும். முப்பத்தெட்டு வருஷமாக அதைத் தள்ளிப் போட்டுவிட்டேன்.

எனக்குப் பதினாறு வயது. நூலகத்தில் ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்த போரைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்துப் படித்து முடித்திருந்தேன். சுங்கை பட்டாணி வீட்டில், எண்ணெய்க் குளியல் முடிந்து எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். முறுக்கு இருந்தது, அதிரசம் இருந்தது, நீங்கள் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, தேதிகளை ஒப்பிக்க ஆரம்பித்தேன். 1941 டிசம்பர் 8ஆம் தேதியே சுங்கை பட்டாணி விமானத்தளத்தில் குண்டு விழுந்தது. ஜித்ராவில் நின்ற இந்தியப் படைப்பிரிவு இரண்டு நாளில் நிலைகுலைந்தது. அடுத்து குருன். அடுத்து பினாங்கு.

நீங்கள் சிரித்துக்கொண்டே, "தொர ஓடுனப்போ தொரசாணியோட பியானோவ மழையில போட்டுட்டு ஓடுனான்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்துவிட்டது.

அடுத்து, ஜப்பான்காரன் தாய்லாந்தில் போட்ட சயாம் ரயிலைப் பற்றி ஆரம்பித்தேன். 415 கிலோமீட்டர் பாதை, பர்மா வரைக்கும். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். ஆள் போதாமல் போனபோது பிடித்துப் போனார்கள். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காட்டு முகாம்களில் காலரா. தாத்தாவோடு போய்த் திரும்பி வந்த ஒருவர் அந்தக் காலராவைப் பற்றி ஏதோ சொன்னார் என்று வீட்டில் எப்போதோ காதில் விழுந்திருந்தது. அதையும் சேர்த்துப் போட்டேன். பாடம் ஒப்பிக்கிற குரலில், "அப்படின்னா 43லயே" என்று ஆரம்பித்தேன். அப்போது என் கண் சுவருக்குப் போனது. அங்கே சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு பள்ளிச் சான்றிதழில் இன்னொரு வருஷம் இருந்தது.

அந்தக் கணக்கை இங்கே திரும்பப் போட மாட்டேன். நான் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

நீங்கள் காப்பி ஊற்றுவதை நிறுத்தவில்லை. கை நடுங்கவில்லை. மேசையில் இருந்த இன்னொருவரைப் பார்த்து, "சீனி போதுமா?" என்று கேட்டீர்கள். அவர் "போதும்க்கா" என்றார். குடித்துவிட்டு எழுந்துபோய்க் கோப்பையை அவரே கழுவி வைத்தார். வாழ்நாளில் தன் கோப்பையைத் தானே கழுவியவரில்லை. பிறகு மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம். அதற்கப்புறம் எந்தத் தீபாவளிக் காலையிலும் அவர் நம் வீட்டுக்கு வரவில்லை.

அன்று ராத்திரி நீங்கள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "படிச்ச படிப்பையெல்லாம் எலையில கொட்டாத."

மன்னித்துவிடுங்கள், அத்தை. இதை அவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். அவர் இருந்தபோது சொல்லவில்லை. ஆனால் எனக்கு யார் என்ன சொல்லிவைத்தீர்கள்? ஒரு வார்த்தை, "தம்பி, அந்தப் பேச்ச எடுக்காத" என்று ஒரு வார்த்தை போதுமே. நம் வீட்டில் போரைப் பற்றி மரவள்ளியும் சாக்குத் துணியும் மட்டும்தான் பேசலாம் என்று எனக்கு எப்படித் தெரியும்? பதினாறு வயதுப் பையன் இருட்டில் நடந்தால் எதையாவது மிதிக்கத்தான் செய்வான்.

இப்படி எழுதும்போதே இது நியாயமில்லை என்றும் தெரிகிறது.

அதற்குப் பிறகு எவ்வளவோ படித்தேன். தேதிகளுக்காக இல்லை. கப்பல் போக்குவரத்து அறுந்ததும் ரப்பரை வாங்க ஆள் இல்லாமல் போனதை, தோட்டங்கள் பால் வெட்டை நிறுத்தியதை, கித்தாக் காட்டை வெட்டி மரவள்ளி நட்டதைப் படித்தேன். போருக்கு முன் மலாயா சாப்பிட்ட அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. அது நின்றது. கெடாவை அரிசிக் களஞ்சியம் என்பார்கள். அலோர் ஸ்டாரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டியவரை வயல். அங்கிருந்து முப்பது மைலுக்குள் பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் நம் ஆட்கள் கிழங்கு தின்று வயிறு வீங்கிக் கிடந்தார்கள். சம்பளத்துக்குப் பால் வெட்டியவர்களுக்கு நெல் விளைய ஒரு காணி கிடையாது. கையில் இருந்தது ஜப்பான்காரன் அடித்த, வாழைமரம் போட்ட பத்து வெள்ளி நோட்டு. நீங்கள் சாமி மாடத்தில் வைத்திருக்கிறீர்களே, அதை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். 'எம்' என்று ஆரம்பிக்கும் எழுத்துகள் மட்டும் இருக்கின்றன, வரிசை எண்ணே இல்லை. எத்தனை அடித்தோம் என்று எண்ணக்கூட அவர்கள் கவலைப்படவில்லை. 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்து அது செல்லாது என்றதும், தாத்தாவின் முன்பணம் வெறும் காகிதமானது.

கடிகாரத்தைக்கூட டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளியிருந்தார்கள். "அப்பல்லாம் விடியவே விடியாது" என்று நீங்கள் சொல்வீர்கள். நான் அதைப் பழமொழி மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன்.

1943 அக்டோபர் 17ஆம் தேதி தண்டவாளம் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தது. அதே மாதம் ஜப்பான்காரன் கெடாவைத் தூக்கிச் சயாமுக்குக் கொடுத்தான். சைபுரி என்று பெயர் வைத்தார்கள். இதை நான் ஒருமுறை உங்களிடம் சொன்னபோது, நீங்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னது மறக்கவில்லை: "சயாம் நம்ம ஊருக்கே வந்துடுச்சுன்னாங்க. அப்ப அப்பாவும் வந்துடுவாருன்னு நெனச்சேன்."

எட்டு வயதுப் பிள்ளை அத்தை நீங்கள். நான் உங்கள் மேல் கோபப்படும் நாள்களில் இந்த ஒரு வரி வந்து குறுக்கே நின்றுகொள்கிறது.

தாத்தா இடையில் ஒரே ஒரு ராத்திரி வந்துவிட்டுப் போனார் என்று சொல்வீர்கள். முகாமிலிருந்து தப்பி வந்து, விடியுமுன் போய்விட்டார் என்று. வந்தார் என்றே நானும் இங்கே எழுதுகிறேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆண்கள் இல்லாத லயத்தில், கொய்னா இல்லாத மலேரியாவில், சின்னத்தையைப் புதைத்த கையோடு, பாட்டி மிச்சமிருந்த இரண்டு பிள்ளைகளை எப்படி உயிரோடு வைத்திருந்தார் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. அரிசி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்க, அந்த அரிசியைத் தின்று பிழைத்தவரின் மகனான எனக்கு வாய் ஏது?

ஆனால் அப்பா என்ன பாவம் செய்தார்?

இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆடி அமாவாசை வந்தால் எல்லார் வீட்டிலும் இலை போடுவார்கள். அப்பா வாசலில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு வருஷமும் உங்களிடம் கேட்பார். ஒவ்வொரு வருஷமும், "செத்தாருன்னு எவன் பார்த்தான்? தேதி சொல்லு, குடுக்கலாம்" என்பீர்கள். 2009இல் அப்பா போனார். தன் தகப்பனுக்கு ஒரு கை எள்ளும் தண்ணியும் விடாமலே போனார். சடங்குக்கு நீங்கள் வந்து அழுதபோது நான் உங்கள் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் உட்காரவில்லை.

தேதி ஒன்று விழுந்துவிட்டால் அந்த ராத்திரியும் போய்விடும் என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. பாட்டியை ஊர் வாயிலிருந்தும், இன்னொருவரை எங்கள் வாயிலிருந்தும் காப்பாற்ற, உங்கள் அப்பாவையே சாகவிடாமல் பிடித்து வைத்திருந்தீர்கள். எட்டு வயதிலிருந்து. அது எவ்வளவு பெரிய பாரம் என்று இப்போது தெரிகிறது. அதில் பாதியை அப்பாவின் தோளில் ஏற்றினீர்கள் என்பதும் தெரிகிறது. இரண்டும் உண்மைதான், அத்தை.

சில வருஷங்களுக்கு முன், தாய்லாந்தில் அந்த ரயில் பாதை ஓடிய காஞ்சனபுரிக்குப் போயிருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. அங்கே நேச நாட்டுச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 பேர். புல் வெட்டி, பூச்செடி வைத்து, கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு. பல கல்லில் இறந்த தேதி. நான் பொறாமைப்பட்டேன். செத்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நம் ஆட்கள் அவர்களைவிடப் பல மடங்கு செத்தார்கள், எத்தனை என்று எழுதிவைத்தவர் இல்லை. இங்கே மேடைக்கு மேடை சோழன் கடாரம் வென்ற கதையைச் சொல்லிக் கை தட்டுகிறோம். அதே கடாரமான நம் கெடாவிலிருந்து, மாடுகளை அடைக்கிற மாதிரி அடைத்த சரக்கு ரயிலில் போனவர்களைச் சொல்லும்போது மட்டும் கூட்டம் கலைந்துவிடுகிறது. இப்போது அந்த ஊர்ப் புத்தர் கோயில் ஒன்றில் தமிழர்களுக்காக நடுகல் ஒன்று நட்டிருக்கிறார்களாம். அடுத்த முறை போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நம் லயம் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்பு வந்துவிட்டது. ரப்பர் கிடைக்காத போர்க்காலத்தில் அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டிவிட்டது. அதற்கப்புறம் நம் மரத்துக்குப் போட்டி வந்துவிட்டது. பிறகு செம்பனை, பிறகு கான்கிரீட். பிரட்டுக் களம் எங்கே இருந்தது என்று காட்ட, உங்களை விட்டால் ஆள் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோயில் ஐயரிடம் கேட்டேன். மகாளய அமாவாசை நாள் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தானாம். தேதி கேட்க மாட்டார்கள், வருஷமும் கேட்க மாட்டார்கள். பெயர் சொன்னால் போதும். நீங்கள் காப்பாற்றி வைத்ததை நான் தொடப் போவதில்லை. தாத்தா எப்போது போனார் என்று அன்றைக்கும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டேன். பெரியவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் என்னண்ணே எடுத்துட்டு வரணும்?" என்று கேட்டான். எள் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். மெர்போக் ஆற்றங்கரையில் அவனும் என் பக்கத்தில் நின்று, தாத்தா பெயரைச் சொல்லித்தான் தண்ணீர் விடுவான்.

இலையில் மரவள்ளி வைக்க மாட்டேன், பயப்படாதீர்கள். ஆனால் என்ன வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்தவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் மிச்சம். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அதை மட்டும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அத்தை.

உங்கள் தம்பி மகன்