இரண்டு வயதுவரை பாலாடையை எடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் வந்த 'கொழுப்பைக் குறைப்போம்' கட்டுரை சர்க்கரை, பிரஷர் உள்ள பெரியவர்களுக்குச் சரி. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி போட்டிருக்கலாம். எங்கள் தேயிலைத் தோட்ட லயனில் அதைப் படித்துவிட்டு ஒன்றரை வயதுப் பையனுக்குக் கொடுக்கும் பாலில் ஆடையை வழித்து எடுக்கிறார்கள். வாங்குவதே ஆவின் நீலப் பாக்கெட், அதில் கொழுப்பு 3 சதவீதம்தான், போதாததற்குச் செரிக்காது என்று சொல்லி அரை டம்ளர் தண்ணீர் வேறு.

தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் மூளையில் பாதிக்கு மேல் கொழுப்புதான். பிறக்கும்போது பெரியவர்கள் மூளையில் கால்வாசி எடை இருப்பது, இரண்டு வயதுக்குள் முக்கால்வாசியை எட்டிவிடுகிறது. நரம்பைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை மளமளவென்று படிவதும் அப்போதுதான். அதற்கு வேண்டிய ஸ்பிங்கோமைலின் என்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால் எல்லாம் பாலின் கொழுப்புத் துளிகளை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் இருக்கின்றன. தாய்ப்பாலில் மூளைக்கு வேண்டிய டிஎச்ஏ என்ற கொழுப்பும் உண்டு.

ஸ்வீடனில் இந்தச் சவ்வைச் சேர்த்த பவுடர் பாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் வந்த முடிவுப்படி, ஒரு வயதில் அந்தக் குழந்தைகள் அறிவுத்திறன் சோதனையில் சாதாரண பவுடர் பால் குடித்தவர்களைவிட 4 புள்ளி கூடுதல், தாய்ப்பால் பிள்ளைகளோடு கிட்டத்தட்ட சமம். ஆறரை வயதில் அந்த வித்தியாசம் தெரியவில்லை, அதனால் விலை கூடின டப்பாவைத் தேடி யாரும் ஓட வேண்டாம்.

தாய்ப்பாலே கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். மார்பு காலியாகக் காலியாகத்தான் பாலில் கொழுப்பு கூடும். இங்கே கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் தாய் சரிவிலிருந்து மூச்சிரைக்க ஏறி வந்து, ஈரச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பிள்ளையை எடுப்பாள், அது நாலு வாய் குடிப்பதற்குள் எடை போடக் கூப்பிடுகிறார்கள் என்று ஆள் வரும், அழும் பிள்ளையை ஆயா கையில் கொடுத்துவிட்டு ஓடுவாள். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு மகப்பேறு சட்டமே சொன்னது, இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. மேஸ்திரிகளுக்கும் இது தெரிய வேண்டும், தாய்மார்களுக்கும் தெரிய வேண்டும்.

அப்புறம், ஒரு வயதுக்குள் பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுக்கவே கூடாது, அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஒரு வயது தாண்டினால் ஆடையோடு, தண்ணீர் கலக்காமல் கொடுக்கலாம். அடுத்த இதழில் இதையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி