கிளினிக் கொப்பி

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீயும் மருமகப் பிள்ளையும் பேரன்மாரும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். கிணற்றடி முருங்கை இந்தமுறை கொப்பு முறியக் காய்த்திருக்கிறது. சித்திரைக்குப் பிறகு நீ ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பது குறைந்துவிட்டது. வேலை என்கிறாய். சரி, வேலைதான்.

போன கிழமை பிள்ளை எடுத்து, மூலத்துக்குத் துத்தி இலையை எப்படி வதக்குவது என்று கேட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளை ஏசாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. பாணும் சொசேஜசும் என்று நிற்காதே. அந்தமாதிரிப் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் தரும் பொருட்களோடு உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே சேர்த்துவிட்டதாம். இதெல்லாம் சனசமூக நிலையத்தில் கேட்டது. பெருங்குடல் புற்றுநோய் பற்றிப் பேச ஒரு டொக்டர் பிள்ளை வந்தது. "மலத்தில் இரத்தம்" என்று வாய் திறந்ததுதான், ஆம்பிளைகள் ஒவ்வொருவராக வெளிக்கிட்டார்கள். உன் பெரியப்பாதான் முதல் ஆள்.

நான் இருந்து முழுக்கக் கேட்டேன். குடலுக்குள் முதலில் சின்னச் சதை முளைக்குமாம். அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷம் போல எடுக்கும். கமரா விட்டுப் பார்க்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் வருத்தம் வராமலே தடுக்கலாம். கனடாவில், ஸ்காபரோவில் சின்ன மாமிக்கு 50 வயது தாண்டியதும் மலம் சோதிக்கிற பெட்டி தபாலில் வந்ததே, நீ அதற்குக் காத்திருக்காதே. அது ஒரு அறிகுறியும் இல்லாதவர்களுக்கு. தாய் தகப்பனுக்கு இருந்தால், அவர்களுக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருஷம் முந்தியே கமராவால் பார்க்கத் தொடங்க வேண்டுமாம்.

52இல் பத்தைக் கழித்தால் 42. ஆவணியில் உனக்கு 42.

தம்பி, அப்பாவுக்கு வந்தது குடல் புண் இல்லை.

தன் சாரத்தைத் தோய்த்தே அறியாத மனுஷன், விடிய நாலு மணிக்குக் கிணற்றடியில் குந்தியிருந்து தோய்த்தார். லைட் வெளிச்சத்தில் தோய்க்கிற கல்லால் சிவப்பாய்த் தண்ணீர் வடிந்தது. நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். மூலம் என்றார். நானும் கருணைக்கிழங்கு அவித்துக் கொடுத்தேன், எட்டு மாதம். பிறகு 2011இல், ஊருக்குக் கதிர்காமம் என்று சொல்லிவிட்டு இரவு பஸ்ஸில் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

உனக்கு அப்போது வதிவிட கார்ட் கிடைக்கவில்லை, சொன்னாலும் வர முடியாது. தங்கச்சிக்கு மட்டுவில் ஊரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். புற்றுநோய்க் குடும்பம் என்றால் எவன் வருவான்? அப்பாதான் சொல்லவேண்டாம் என்றார் என்று இவ்வளவு வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். "தம்பிக்குச் சொல்லு" என்றுதான் அவர் சொன்னார். ஒரு தடவை இல்லை. நான்தான் விழுங்கிவிட்டேன்.

குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா என்று அங்கே டொக்டர் கேட்டிருப்பார். நீ இல்லை என்றிருப்பாய். கெதியாய்ப் போய் மாற்றிச் சொல்லு. இரத்தம் போவதையும் சொல்லு, வெட்கப்படாதே. மூலமாகவே இருக்கட்டும், அதை டொக்டர் பார்த்துச் சொல்லட்டும். முதல் நாள் பேதி மருந்து குடித்து வயிற்றைக் கழுவ வேண்டுமாம். மயக்க மருந்து தருவதால் அன்றைக்குக் கார் ஓட்டக்கூடாது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பாவின் கிளினிக் கொப்பி சுவாமி அறை அலுமாரியில், பட்டுச் சீலைக்குக் கீழே இருந்தது. எடுத்து வைத்திருக்கிறேன். தங்கச்சி படம் பிடித்து அனுப்புவாள். அவளும் பார்க்க வேண்டும் என்பதால் நேற்று இரவு அவளுக்கும் சொல்லிவிட்டேன். இன்று காலை தேத்தண்ணி வைத்துத் தந்தாள், என்னோடு கதைக்கவில்லை.

பார்சலில் குரக்கன் மா வருகிறது. துத்தி இலை போடவில்லை.

அம்மா