சான்சலருக்கு முக்கால் பக்கம், மேயருக்கு அரை வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொன்ராடு அடனாவர் பற்றிச் சென்ற ஞாயிறு நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், 1949 முதல் மேற்கு ஜெர்மனியின் சான்சலராக இருந்ததற்கு முக்கால் பக்கம். அதற்கு முன் கொலோன் நகர மேயராக 16 வருடம் இருந்ததற்கு அரை வரி. வேலூரில் 31 வருடம் வீட்டு வரி வசூலித்த பில் கலெக்டரான எனக்கு அது பொறுக்கவில்லை.

1906-இல் நகர நிர்வாகத்துக்குள் வந்தபோது அவர் கையில் கொடுத்ததே வரிப் பிரிவைத்தான்! முதல் உலகப் போரில் உணவு வழங்கல் அவர் தலையில் விழுந்தது. கோதுமை இல்லை. மக்காச்சோளம், பார்லி, அரிசி மாவு கலந்து ஒரு ரொட்டிக்கு வழி கண்டுபிடித்து, 1915-இல் காப்புரிமையும் வாங்கினார். சாப்பிட்டவர்கள் பார்லியை அவர் பெயரோடு சேர்த்துத் திரித்துக் கேலி செய்தார்களாம். செய்திருப்பார்கள். அறுபதுகளில் ரேஷனில் மைலோ என்ற அமெரிக்கச் சோளத்தைப் போட்டபோது என் அம்மா அதைக் களியாகக் கிண்டி, தொண்டையில் இறங்குவதற்காகப் புளிக்குழம்பைக் கூடுதலாக ஊற்றுவார். போட்டவர்களை நாங்கள் வாழ்த்தவில்லை.

1917-இல் அவருடைய கார் டிராமில் மோதி முகம் சிதைந்தது. புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க நகரமன்றத்தார் சிலர் தேடிப்போய்ப் பேச்சுக் கொடுத்தார்கள். தலைக்கு வெளியில்தான் கோளாறு என்று சொல்லி அனுப்பினார். அந்தச் செப்டம்பரில், 41 வயதில், மேயரானார்.

போரில் தோற்றதால் கொலோனின் கோட்டை அரண்களை இடிக்க வேண்டியதாயிற்று. நகரைச் சுற்றி வளையமாகக் காலி நிலம்! மனை போடக் காத்திருந்தவர்களை மீறி அதன் பெரும்பகுதியைப் பூங்காவாகவும் தோப்பாகவும் ஆக்கினார். எங்கள் கோட்டை அகழி ஓரம் காலையில் நடக்கும்போது இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நல்லவேளை, நமது கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இல்லாவிட்டால் மனைக்கல் நட்டிருப்பார்கள்.

பல்கலைக்கழகம், கண்காட்சி வளாகம், ரைன் நதியில் பாலம் என்று கடனும் எக்கச்சக்கமாக வாங்கினார். வரி கட்டுகிறவர்கள் முணுமுணுத்ததில் தவறில்லை. 1929-இல் ஒரே வாக்கு வித்தியாசத்தில்தான் மீண்டும் வந்தார். 1933-இல் ஹிட்லர் கொலோனுக்கு வந்தபோது பாலத்தில் கட்டியிருந்த நாஜிக் கொடிகளை இறக்கச் சொன்னார். அடுத்த மாதமே பதவி போயிற்று. 1945-இல் அமெரிக்கர்கள் திரும்ப உட்கார வைக்க, சில மாதங்களில் பிரிட்டிஷ்காரர்கள் நீக்கினார்கள்.

அடுத்த முறை அவர் படத்தைப் போட்டால், கீழே 'முன்னாள் வரிப் பிரிவு அதிகாரி' என்றும் ஒரு வரி சேருங்கள். வெட்டி வைத்துக்கொள்ள இங்கே ஆள் இருக்கிறேன்.

— ஓய்வுபெற்ற பில் கலெக்டர்,
கொசப்பேட்டை, வேலூர்.