மாத்திரையோடு நாலு வார்த்தையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்துபவர்களை எல்லோரும் திட்டுகிறோம், ஆனால் அந்த மாத்திரை உடம்பில் என்னென்ன செய்யும் என்று அவர்களிடம் யார் உட்கார்ந்து சொல்கிறார்கள்? காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். அது மருந்தின் நிறம், ரத்தம் இல்லை. இதைவிட முக்கியம், இதே மருந்து கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிட்டுக் கருத்தடை மாத்திரையைச் சீக்கிரமே சிதைத்துவிடும், அதனால் அதை நம்பியிருக்கும் பெண்களிடம் வேறு வழியைக் கூச்சம் பார்க்காமல் சொல்லியாக வேண்டும். இன்னொரு காசநோய் மருந்தான ஐசோனியசிட்டால் கை கால் மரத்துப்போகாமல் இருக்கத்தான் பைரிடாக்சின் என்ற வைட்டமின் பி6 தருகிறார்கள், வெறும் சத்து மாத்திரை என்று ஒதுக்காதீர்கள். எத்தாம்புட்டால் என்ற காசநோய் மருந்தை எடுப்பவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியவில்லை என்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அப்புறம் தொழுநோய். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தில் உள்ள குளோஃபசிமின் தோலைக் கருக்கச் செய்யும். நிறுத்திய பிறகு மெல்ல மங்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி நடப்பவரிடம் இதை முன்பே சொல்லாமல் விடுவது கொடுமை. மாத்திரை அட்டையோடு தமிழில் ஒரு துண்டுச்சீட்டு தர சுகாதாரத் துறை ஏற்பாடு செய்யட்டும்.

ஒரு வாசகர், மதுரை