பேட்டரியை மாற்றுமுன் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மன்னார்குடியில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகளின் லேப்டாப்பில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சார்ஜ் நிற்கவில்லை. கரண்ட் போனால் பாதியில் அணைந்துவிடும். பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனோம். ஆன் செய்துகூடப் பார்க்காமல், "பேட்டரி போச்சும்மா, நாலாயிரம் ஆகும்" என்றார்கள். சாதா ஜாக்கெட் முப்பது தைத்தால்தான் எனக்கு அந்தப் பணம்.

வாங்கி ஒன்றரை வருஷம்தானே ஆகிறது என்று மனசு ஒப்பவில்லை. அக்கா மகனைக் கூப்பிட்டேன். அவன் கட்டளை தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட்' என்று ஒரே வரி தட்டினான். விண்டோஸிலேயே இருக்கிற வசதியாம், காசு கிடையாது. அதில் வந்த ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள். புதிதில் பேட்டரியின் கொள்ளளவு 41,000 மில்லிவாட் மணி. இப்போது முழுதாக ஏற்றினால் 36,400. "பேட்டரி நல்லாத்தான் இருக்கு சித்தி, உள்ளே எதுவோ உறிஞ்சுது" என்றான்.

செட்டிங்ஸில் எந்தச் செயலி எவ்வளவு பேட்டரி தின்கிறது என்ற பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் புரிந்தது. மகள் மூடிவிட்டதாக நினைத்த பிரவுசர் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. வீடியோ கால் செயலி, என்றோ போட்ட கேம், இரண்டும் லேப்டாப்பைத் திறந்ததும் தாமாகவே எழுந்துகொண்டன. எல்லாவற்றையும்விட மோசம், வகுப்பு வீடியோ ஒன்று, ஃபைல்களை இணையத்தில் சேமிக்கும் ஒன்டிரைவுக்கு ஏற முடியாமல் நின்றதுதான். போன் ஹாட்ஸ்பாட் விட்டு விட்டு வர, அது திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறது. இஸ்திரிப் பெட்டி ஆறிவிட்டதா என்று பார்ப்பதுபோல் அடிப்பக்கத்தைத் தொட்டேன். யாரும் எதுவும் செய்யாதபோதே சுட்டது.

ஓடும் செயலிகளைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில், தாமாக எழுபவற்றின் பட்டியலான ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய் வேண்டாதவற்றை நிறுத்தினான். பிரவுசரை மூடிய பிறகும் ஓடவிடும் அனுமதியை எடுத்தான். அந்த வீடியோவை ஒன்டிரைவில் சேராத வேறு ஃபோல்டருக்கு மாற்றினான். அவ்வளவுதான், இப்போது நாலு மணி நேரம் தாராளமாக நிற்கிறது.

பேட்டரி உண்மையிலேயே தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், அதற்கு நான் கணக்குப் பார்க்கமாட்டேன். ஆனால் மாற்றுமுன் அந்த இரண்டு எண்களையும் வாடிக்கையாளருக்குக் காட்ட எந்தக் கடைக்கும் ஐந்து நிமிஷம் ஆகாது. தங்கள் பத்திரிகை இந்த முறையைப் படத்தோடு ஒருநாள் வெளியிட்டால், என்னைப் போன்ற பெற்றோர் அதைக் கத்தரித்துக் கையோடு கடைக்கு எடுத்துப்போவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மன்னார்குடி