எட்டாவது பாட்டும் ஒன்பதாவது பாட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். உன் நலமறிய ஆவல். அம்மாவுக்கு என்னைவிட ஆவல்.

நீ அனுப்பிய ஆல்பத்தைக் கேட்டேன். லிங்க் வந்தது, அதோடு ஒரு வார்த்தையும் வரவில்லை. "கேட்டுப் பாருங்கப்பா" என்றாவது எழுதியிருக்கலாம். அம்மா, "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள். "பாட்டு அனுப்பியிருக்கா" என்றேன். "வேற?" என்றாள். வேறு என்ன சொல்வது? ஹெட்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

பிரிட்டன் பாடகி துவா லிபாவின் இந்த ஆல்பம், 'ஃப்யூச்சர் நாஸ்டால்ஜியா', 2020 மார்ச் 27-ல் வந்திருக்கிறது. ஏப்ரல் 3 என்று சொல்லியிருந்ததை முன்னுக்கு இழுத்து வெளியிட்டிருக்கிறார்கள். ஆடுவதற்கென்றே செய்த பாட்டுகள், ஊர் உலகமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டிருந்த வாரத்தில்! நீயும் அப்போது அந்த அறையில் தனியாகத்தான் இருந்தாய். அன்றைக்கே இதைக் கேட்டிருப்பாய். இத்தனை வருஷம் கழித்து எனக்கு ஏன் அனுப்பினாய் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மேடையில் பேஸ் கிட்டார் வாசித்தவன் காதில் முதலில் விழுவது பேஸ்தான். 'டோன்ட் ஸ்டார்ட் நவ்' பாட்டில் பாடகிக்கு நிகராக பேஸும் பேசுகிறது. எழுபதுகளின் டிஸ்கோ இலக்கணம் அது. கிக் டிரம் நாலு அடியும் சமமாக விழும், பேஸ் அதன் இடைவெளியில் துள்ளும். கேட்கும்போது என் விரல்கள் தானாக அசைந்தன. 'பிசிக்கல்' வந்ததும் ஒலிவியா நியூட்டன்-ஜான் ஞாபகம். 1981-ல் அதே பெயரில் அவர் பாடியது அமெரிக்கப் பட்டியலில் 10 வாரம் முதலிடத்தில் இருந்தது. எங்கள் செட்டில் அதை கேசட் தேயத் தேயக் கேட்டிருக்கிறோம்.

பழையதை எடுத்தாள்வது பற்றி நமக்குள் நடந்த சண்டை உனக்கு மறந்திருக்காது. 1970-ல் 'சொர்க்கம்' படத்தில் வந்த 'பொன்மகள் வந்தாள்' பாட்டை 2007-ல் 'அழகிய தமிழ்மகன்' படத்துக்கு ரீமிக்ஸ் செய்தபோது நீ ஆடினாய், நான் டிவியை அணைத்தேன். என் கருத்து இன்றும் அதேதான். முழுப் பாட்டையும் எடுத்து அதன்மேல் தாளத்தை ஏற்றினால், புதிதாக வருகிறவருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. இந்தப் பெண் அப்படிச் செய்யவில்லை. ஒரு சிறு துண்டை எடுத்து, அதிலிருந்து வேறொரு பாட்டை வளர்க்கிறாள். எட்டாவது பாட்டைச் சொல்கிறேன். 'லவ் அகெய்ன்'.

அதில் ஒரு ட்ரம்பெட் வருகிறதே, எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். 1932-ல் லண்டனில் லூ ஸ்டோன் இசைக்குழு பதிவு செய்த 'மை உமன்'. பாடியவர் ஆல் போலி. 1941-ல் லண்டன்மேல் குண்டு விழுந்த இரவுகளில் ஒன்றில் அவர் இறந்துபோனார். அதன்பின் அந்த ட்ரம்பெட்டை எடுத்தவர் ரூர்கேலாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஜோதி மிஸ்ரா. ஒயிட் டவுன் என்ற பெயரில் தன் வீட்டிலேயே 'யுவர் உமன்' பாட்டைப் பதிவு செய்தார். அது 1997 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம். பிறகு 2020-ல் இது. எண்பத்தெட்டு வருஷம், பாப்பா! பாடியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த ட்ரம்பெட் இன்னும் ஆளைத் தேடிக்கொண்டு வருகிறது.

'லவ் அகெய்ன்' எழுதியவர்கள் பட்டியலில், பழைய 'மை உமன்' பாட்டை எழுதியவர்களில் ஒருவரான பிங் கிராஸ்பியின் பெயரும் இருக்கிறது. அவர் 1977-லேயே இறந்தவர். கடன் வாங்கியதை இப்படி வெளிப்படையாகச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இதே ஆல்பத்தின் 'லெவிடேட்டிங்' பாட்டுக்கு வழக்கு போட்டார்களாம், 1979-லும் 1980-லும் வந்த இரண்டு பாட்டுகளைப் போல இருக்கிறதென்று. நியூயார்க் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தள்ளுபடி செய்துவிட்டது. சரிதான். படியிறங்கும் ஸ்வரவரிசையை யார் சொந்தம் கொண்டாட முடியும்?

ஆனால் நான் சொல்ல வந்தது வழக்கு இல்லை. 1932-ல் ஓர் ஆண், தன்னைப் படுத்துகிறவளைக் கல்நெஞ்சக்காரி என்று பாடினான். 2020-ல் அதே ட்ரம்பெட்டின்மேல் ஒரு பெண், 'நான் கல்லாகவே ஆகிவிட்டேன் என்றல்லவா நினைத்திருந்தேன்' என்கிறாள். மறுபடி மனம் இளகியதை அவளாலேயே நம்ப முடியவில்லை. இந்த இடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். சற்று நேரம் கேட்க முடியவில்லை.

ஹெட்போன் என்றதும் ஞாபகம். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேள். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், அதற்குமேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. டிரம்ஸ் பக்கத்திலேயே நின்று வாசித்து என் இடது காது இரைவது உனக்குத் தெரியும். இரவு அதைக் காதில் மாட்டிக்கொண்டே தூங்கிவிடாதே. தூங்குகிறாயா? போன மாதம் நீ போட்ட மெசேஜ்கள் எல்லாம் எங்களுக்கு விடிகிற நேரத்தில் வந்தவை. அங்கே அப்போது நடு இரவு என்று அம்மா விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

ஆறாம் வகுப்பில் இன்டர்லூடைக் கேட்டே எந்தப் பாட்டு என்று சொன்னவள் நீ. சரணம் தொடங்கும் முன்பே பேஸ் எங்கே மாறும் என்று சொல்வாய். எங்கள் கீபோர்டுக்காரர், "உங்களுக்கு இருக்கிற காதைவிட இவளுக்குக் கூர்மை" என்றார். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் இல்லை. அந்தக் காது போன் மணிக்கு மட்டும் ஏன் கேட்க மாட்டேன் என்கிறது? ஞாயிற்றுக்கிழமை அடித்து அடித்து ஓய்ந்தது. அம்மா அதைக் கீழே வைக்கவே இல்லை.

இந்தப் பாடகியும் 15 வயதில் கொசோவோவிலிருந்து தனியாக லண்டன் போனவளாம். அவளுடைய அப்பாவும் பாடகர்தான், ராக் இசைக்குழுவில். மகளை அனுப்பிவிட்டு அந்த மனிதர் எப்படி இருந்திருப்பார் என்று அன்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். மகளுடைய பாட்டாவது அவருக்குக் கேட்டிருக்கும்.

எட்டாவது பாட்டு முடிந்தவுடனே ஒன்பதாவது, 'பிரேக் மை ஹார்ட்'. அதன் கிட்டார் நடை 1987-ல் வந்த 'நீட் யூ டுநைட்' பாட்டை ஒட்டி வருகிறது. அதை எழுதிய ஐஎன்எக்ஸ்எஸ் குழுவின் இருவருக்கும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எட்டாவதில் மனம் இளகியவள், ஒன்பதாவதில் 'இவனும் உடைத்துவிடுவானோ, வீட்டைவிட்டு வெளியே வராமலே இருந்திருக்கலாமோ' என்று பயப்படுகிறாள். யார் இப்படி வரிசை வைத்தார்களோ, மனசு தெரிந்தவர்கள்.

போன வருஷம் அந்தப் பேச்சு நின்றுபோன பிறகு அதைப்பற்றி நீ ஒன்றும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. பெரியம்மா கேட்கிறாள், அவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அது உன் கவலை இல்லை. சாப்பிடு, தூங்கு, சத்தத்தைக் குறைத்து வை.

பதினொரு பாட்டில் நீ எதற்காக இதை அனுப்பினாய்? எட்டா, ஒன்பதா? எண்ணை மட்டும் எழுது, போதும். ஏன் என்று கேட்க மாட்டேன். ஒன்பது என்றால் நானும் அம்மாவும் புறப்பட்டு வருகிறோம், விசா வேலையை இந்த வாரமே ஆரம்பிக்கிறேன். எட்டு என்றால், அந்தப் பிள்ளையை ஒருநாள் வீடியோவில் காட்டு. யாராக இருந்தாலும் சரி, என்ன பாட்டுக் கேட்பான் என்று மட்டும்தான் முதலில் கேட்பேன்.

அன்புடன்,
அப்பா